கணக்கு யாருக்கு, கணிதம் யாருக்கு?

(கட்சிக் கல்வி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ ஆய்விதழில் இந்தியக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் கொல்கத்தா, டெல்லி நகரங்களின் சந்தைகளில் காய்கறியும் பழமும் விற்கும் 1,436 சிறுவர் சிறுமியரைச் சந்தித்தார்கள். எண்ணூறு கிராம் உருளைக்கிழங்கும் ஒன்றரைக் கிலோ வெங்காயமும் சேர்த்து என்ன விலை, இருநூறு ரூபாய்த் தாளுக்கு மீதி எவ்வளவு என்ற வகைக் கணக்குகளை அக்குழந்தைகள் தாளும் பென்சிலும் இல்லாமல் மனத்திலேயே போட்டார்கள். ஆனால் பள்ளிப் புத்தகத்தில் இருப்பது போல எண்களை மட்டும் எழுதிக் கழி, வகு என்று கொடுத்தபோது தடுமாறினார்கள். சந்தைகளை அடுத்துள்ள டெல்லிப் பள்ளி மாணவர்களிடம் இதே சோதனை தலைகீழாக நிகழ்ந்தது. தாளில் ஓரளவு கணக்குப் போட்ட அவர்களில், சந்தைக் கணக்கு ஒன்றைச் சரியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு ஒருவரே. உழைக்கும் சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அதே கணக்கைச் சரியாகச் செய்திருந்தனர்.

இந்த முடிவைக் கண்டு குழந்தை உழைப்பைப் போற்றத் தொடங்குவது பெரும் பிழையாகும். அந்தக் குழந்தைகள் சந்தையில் நிற்பதே இந்தச் சமூகத்தின் குற்றம். ஆய்வு எழுப்பும் கேள்வி வேறு. ஒரே நாட்டில், ஒரே தெருவில், ஒரே வயதுக் குழந்தைகளிடம் ஒன்றோடொன்று ஒட்டாத இருவேறு கணக்குகள் எவ்வாறு தோன்றின? பள்ளிக் கணிதத்தின் வரலாற்றில்தான் இதற்கு விடை தேட வேண்டும்.

திண்ணையும் பாடசாலையும்

ஆங்கிலேயர் வருகைக்கு முந்தைய ஊர்ப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் கணக்கே. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம் செய்விக்கப்பட்டது. நிலம், நெல், பொன் ஆகியவற்றை அளக்கும் முறைகளோடு அது பின்னிக் கிடந்தது என்பதைச் செந்தில் பாபுவின் ஆய்வு விரிவாகக் காட்டுகிறது. வங்கப் பாடசாலைகளில் சுபங்கரரின் பெயரால் வழங்கிய கணக்குப் பாடல்கள் ஓதப்பட்டன. இந்தி வட்டாரத்தில் பிள்ளைகள் முழு எண்களின் வாய்ப்பாடு மட்டுமன்றி முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை ஆகியவற்றின் வாய்ப்பாடுகளையும் ஒப்பித்தார்கள்.

இரண்டரைக்கு ஏன் தனி வாய்ப்பாடு? ஒரு மணங்குக்கு நாற்பது சேர். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. எனவே மணங்கு எத்தனை ரூபாயோ, இரண்டரைச் சேர் அத்தனை அணா. மணங்கு பத்து ரூபாய் என்றால் இரண்டரைச் சேர் பத்து அணா. ஐந்து சேர் ஒரு ரூபாய் நான்கு அணா. கடைத்தெருவில் நின்றபடியே விலை சொல்ல இந்த ஒரு விதி போதும். இதில் மெய்யான அறிவு இருக்கிறது. வேலையிலிருந்து பிறந்து, வேலைக்கே திரும்பும் அறிவு அது.

ஆனால் அந்தப் பள்ளிகளைப் பொற்காலமாக்கிக் காட்டும் முயற்சிக்கு இடங்கொடுக்கலாகாது. தீண்டாமைக்குட்பட்ட சாதியினருக்கும் பெண்களுக்கும் அங்கே பெரும்பாலும் இடமில்லை. கணக்குப்பிள்ளையாகவும் பட்டாமணியமாகவும் வட்டிக்கடைக்காரனாகவும் ஆனவன் கணக்குக் கற்றவன். நெல்லை விளைவித்தவனுக்கு அளவு தெரியும். ஏட்டில் என்ன எழுதப்பட்டது என்பது தெரியாது. அளக்கும் கருவியும் அவன் கையில் இல்லை. தஞ்சைத் தரணியில் 1940களில் செங்கொடி இயக்கம் கூலியை முத்திரை மரக்காலில் அளக்க வேண்டும் என்று போராடியது இதனால்தான். அதே பத்தாண்டில், 1946இல், வங்கத்தின் பங்குக் குத்தகை விவசாயிகள் விளைச்சலில் பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று எழுந்தார்கள். தேபாகா என்ற அப்போராட்டத்தின் பெயரே ஒரு பின்னத்தைக் குறிக்கிறது.

காலனி ஆட்சி எதை மாற்றியது?

காலனி அரசு திறந்த பள்ளிகளில் கணக்கு ‘கணிதம்’ ஆயிற்று. யூக்ளிடின் வடிவியல், இயற்கணிதம், கூட்டு வட்டி எல்லாம் வந்தன. இவை உலக அறிவின் செல்வங்கள், அவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் வந்த வழி தேர்வின் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாகாணங்களில் தேர்வு முடிவுக்கேற்ப மானியம் என்ற முறை செயல்பட்டது. ஆய்வாளர் வந்து கேட்கும் கேள்விக்குப் பிள்ளை விடை சொன்னால்தான் பள்ளிக்குப் பணம். இதன் விளைவாக ஆசிரியர் விடையைக் கற்பித்தார், வழியைக் கற்பிக்கவில்லை. திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்திற்குக் கடைத்தெருவில் ஒரு பயன் இருந்தது. காலனிப் பள்ளியின் மனப்பாடத்திற்கு அந்தப் பயனும் இல்லாது போயிற்று.

இந்த அநீதியைக் கூர்மையாகக் கண்டவர் மகாத்மா ஜோதிராவ் பூலே. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் அளித்த அறிக்கையில், அரசின் வருவாய் பெரிதும் உழவர்களின் உழைப்பிலிருந்து வருகிறது, கல்விச் செலவோ மேல்சாதியினரின் உயர்கல்விக்குப் போகிறது என்று அவர் வாதிட்டார். குறைந்தது பன்னிரண்டு வயது வரை அனைவருக்கும் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும், அதில் எழுத்து, வாசிப்போடு கணக்கும் வேளாண்மையும் இடம்பெற வேண்டும் என்றார். அவரும் சாவித்திரிபாயும் 1848இல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தவர்கள் என்பதைத் தோழர்கள் அறிவார்கள்.

1937இல் காந்தியின் வார்தா திட்டம் கைத்தொழிலோடு பாடங்களை இணைக்க முயன்றது. ஜாகிர் உசேன் குழு வகுத்த பாடத்திட்டத்தில் நூல் நூற்பதிலிருந்து கணக்கு பிறந்தது. கையையும் மூளையையும் இணைக்கும் எண்ணம் உயர்ந்ததே. எனினும் குழந்தைகள் நூற்ற நூலை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற எதிர்பார்ப்பு அதனோடு சேர்ந்தே இருந்தது. கைத்தொழில் கிராமத்து ஏழைக்கு, இயற்கணிதம் நகரத்து வசதி படைத்தோருக்கு என்ற பிரிவினையை அத்திட்டம் உடைக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு முடிந்த கணிதம்

விடுதலைக்குப் பிறகான முதல் பத்தாண்டில் கணிதப் பாடத்தை மாற்றிய பெரிய நிகழ்வு கல்வித் துறையில் நடக்கவில்லை. 1957 ஏப்ரல் 1 அன்று பதின்ம நாணயம் வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை என்றிருந்தது நூறு நயா பைசா ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் எடையும் அளவும் நடைமுறைக்கு வந்தன. அணாவைப் பையாக்கி, பையை அணாவாக்கி, மணங்கைச் சேராக்கிப் பக்கம் பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்த கணக்குகள் ஒரே தலைமுறையில் மறைந்தன. ஊருக்கொரு படி, ஆளுக்கொரு மரக்கால் என்ற நிலையும் சட்டப்படி முடிவுக்கு வந்தது. பழைய பின்ன வாய்ப்பாடுகள் போனதை நினைத்து ஏங்குபவர்கள் இன்றும் உண்டு. ஏமாற்றுவதற்கு வழி குறைந்ததையும் அவர்கள் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பள்ளிகளில் நிலைமை என்ன? இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53) பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. அதன் திட்டத்தில் உயர்நிலைக் கட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கே பொது அறிவியலோடு சேர்ந்த கணிதம் அனைவருக்கும் உரியது. பின்னர் கணிதம் விருப்பப் பாடம். மனையியல் பெண்களுக்காகக் காத்திருந்தது. தமிழ்நாட்டிலும் பொதுக் கணிதம் ஒரு பிரிவினருக்கு, ‘காம்போசிட்’ கணிதம் இன்னொரு பிரிவினருக்கு என்று இருந்த காலத்தை மூத்த தோழர்கள் நினைவுகூர்வார்கள்.

கோத்தாரி கல்விக் குழுதான் (1964-66) இதை மாற்றியது. பொதுக்கல்வியின் பகுதியாக முதல் பத்து ஆண்டுகளுக்கு அறிவியலும் கணிதமும் அனைவருக்கும் கட்டாயம் என்று அது பரிந்துரைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணிதம். அதனோடு பொதுப்பள்ளி முறையையும், தேச வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குவதையும் முன்வைத்தது. 1970களின் பிற்பகுதியில் 10+2 முறை பரவியபோது, விவசாயத் தொழிலாளியின் மகளும் ஆட்சியரின் மகனும் தாளளவிலேனும் ஒரே இருபடிச் சமன்பாட்டைச் சந்தித்தார்கள். முதலாளித்துவ அரசு அமைத்த குழுவின் பரிந்துரையே ஆயினும் இது ஒரு ஜனநாயக வெற்றி. இன்று காக்கப்பட வேண்டியது.

ஆனால் பரிந்துரையின் ஒரு காலைத்தான் அரசு ஊன்றியது. கணிதம் கட்டாயமானது; பொதுப்பள்ளி வரவில்லை, ஆறு சதவீதமும் வரவில்லை. ஆசிரியர் இல்லாத பள்ளியில் கட்டாயக் கணிதம் என்பது கட்டாயத் தோல்வி. பத்தாம் வகுப்பின் வாயிலில் ஏழைக் குழந்தைகளை வடிகட்டும் சல்லடையாகக் கணிதத் தேர்வு மாறியது.

இதே காலத்தில் ‘புதுக் கணிதம்’ வந்தது. 1957இல் சோவியத் ஸ்புட்னிக் விண்ணேறியதும் அமெரிக்கா பதறித் தன் பள்ளிப் பாடங்களைத் திருத்தியது. அந்த அலை அமெரிக்க உதவியுடன் நடந்த கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் வழியாக 1960களில் இங்கும் எட்டியது. கணங்கள், வெட்டு, சேர்ப்பு என்று புத்தகம் தொடங்கிற்று. சில வாரப் பயிற்சியோடு ஆசிரியர்கள் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டார்கள். இதை வெறும் ஏகாதிபத்தியச் சதி என்று ஒதுக்குவதும் சரியன்று. சோவியத் நாட்டிலேயே மாமேதை கோல்மகரோவ் தலைமையில் இதையொத்த சீர்திருத்தம் நடந்தது. கண் பார்வையற்ற கணித மேதை பொன்ட்ரியாகின் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதிய கட்டுரையைச் சோவியத் கட்சியின் தத்துவ ஏடான ‘கம்யூனிஸ்ட்’ 1980இல் வெளியிட்டது. குழந்தையின் அனுபவத்திலிருந்து துண்டிக்கப்பட்ட அரூபம் எந்த நாட்டு வகுப்பறையிலும் வேரூன்றுவதில்லை. இதற்கு நேர்மாறாக, மீர் பதிப்பகம் வெளியிட்ட யாகவ் பெரல்மானின் எளிய நூல்கள் கட்சிப் புத்தகக் கடைகள் வழியே சில ரூபாய்க்கு மாணவர் கைகளை அடைந்தன. அவற்றால் கணிதத்தின் மீது ஆசை கொண்டவர்கள் இந்தியாவெங்கும் உண்டு.

அறிவொளியும் உலக வங்கியும்

1990களில் இரண்டு ஓட்டங்கள் எதிரெதிராகப் பாய்ந்தன. ஒன்று மக்கள் அறிவியல் இயக்கங்களின் எழுத்தறிவு இயக்கம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் முன்னின்ற எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பரவியது. தொண்டர்கள் எழுத்தோடு எண்ணையும் கற்பிக்கச் சென்றபோது, எழுதத் தெரியாத பெண்கள் கூலியையும் வட்டியையும் மனக்கணக்காகப் போடுவதைக் கண்டார்கள். தெரியாதவருக்குத் தெரிந்தவர் கற்பிப்பது என்ற பழைய எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது.

இன்னொரு ஓட்டம் நவதாராளமயம். 1991இல் ‘குறைந்தபட்சக் கற்றல் நிலைகள்’ வகுக்கப்பட்டன. கணிதம் எண்ணிடப்பட்ட திறன்களின் பட்டியலாயிற்று. 1994இல் உலக வங்கி உள்ளிட்ட வெளிநாட்டுக் கடனுதவியுடன் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது. முழுநேர ஆசிரியருக்குப் பதில் குறைந்த ஊதிய ஒப்பந்த ஆசிரியர்கள் பல மாநிலங்களில் நியமிக்கப்பட்டார்கள். ஏழைகளுக்குக் குறைந்தபட்சம் போதும் என்ற கருத்து அரசின் மொழியிலேயே அப்போது குடியேறியது.

இவ்விரண்டுக்கும் இடையே கிடைத்த ஒரு நல்ல இடைவெளி 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம். அதற்கான கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் இராமானுஜம். பள்ளிக் கணிதத்தின் நோக்கம் எண்ணையும் செய்முறையையும் கற்பிப்பதோடு முடிந்துவிடக் கூடாது, குழந்தையின் சிந்தனையே கணிதமயமாக வேண்டும் என்று அக்குழு கூறியது. அச்சமும் தோல்வியுணர்வுமே பெரும்பான்மைக் குழந்தைகளுக்குக் கணிதம் தந்தவை என்று ஒளிக்காமல் எழுதியது. இதையொட்டி அனிதா ராம்பால் தலைமையில் உருவான தொடக்கப்பள்ளிக் கணிதப் புத்தகங்களில் பழைய பொருட்கள் வாங்கி விற்கும் ஒரு பெண்ணும், செங்கல் அடுக்கும் கொத்தர்களும், சேமிப்பைச் சேர்த்துத் தங்களுக்கென வங்கி தொடங்கும் மீனவப் பெண்களும் வந்தார்கள். உழைப்பவர்கள் பாடப்புத்தகத்தில் அறிவுள்ளவர்களாகத் தோன்றியது புதுமை. மும்பை தாராவியில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ஆய்வாளர்கள் கண்டதும் இதையே: பட்டறைகளுக்கிடையே வாழும் குழந்தைகளிடம் அளவும் விகிதமும் பற்றிய வளமான அறிவு இருக்கிறது, பள்ளி அதைக் கேட்பதே இல்லை.

ஆனால் புத்தகம் மாறினாலும் தேர்வு மாறவில்லை. ஆசிரியர் பயிற்சி தனியார் வணிகமாகவே இருந்தது. அந்தப் புத்தகங்களை நடத்தத் தேவைப்பட்ட நேரமும் ஆசிரியர் எண்ணிக்கையும் ஏழைகளின் பள்ளிகளில் இல்லை.

மீண்டும் இரண்டு கணிதங்கள்

2020 ஜூலையில் நாடாளுமன்ற விவாதம் இன்றி ஒன்றிய அமைச்சரவை ஏற்ற தேசியக் கல்விக் கொள்கை, பாடங்களை இரு நிலைகளில் அளிக்கலாம், அதைக் கணிதத்திலிருந்து தொடங்கலாம் என்கிறது. சிபிஎஸ்இ அதற்கு முன்பே, 2020 பொதுத்தேர்விலிருந்து, பத்தாம் வகுப்புக் கணிதத்தை ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என இரண்டாகப் பிரித்துவிட்டது. பாடத்திட்டம் ஒன்றுதான், வினாத்தாள் மட்டுமே வேறு, குழந்தையின் மன அழுத்தம் குறையும் என்பது விளக்கம். அழுத்தம் மெய், அதை ஏளனம் செய்வதற்கில்லை. ஆனால் ‘பேசிக்’ எழுதியவர் மேல்நிலையில் கணிதம் படிக்க இயலாது, வேண்டுமானால் மீண்டும் ‘ஸ்டாண்டர்டு’ தேர்வெழுத வேண்டும் என்பது தொடக்கத்தில் வகுக்கப்பட்ட விதி. பின்னர் தளர்வுகள் வந்தன. பதினைந்து வயதில் இந்தத் தேர்வைச் செய்வது யார்? 2025ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு, மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தனிப்பயிற்சிக்குச் செல்வதாகக் கூறுகிறது. அதற்குப் பணம் கட்ட இயலாத வீட்டில், குறிப்பாகப் பெண் குழந்தையின் விஷயத்தில், ‘உனக்கு பேசிக் போதும்’ என்று சொல்வது எளிது. கோத்தாரி குழு மூடிய கதவு இவ்வாறு ஓசையின்றித் திறக்கப்படுகிறது.

கீழ் வகுப்புகளிலும் இதே போக்கு. 2021இல் தொடங்கப்பட்ட ‘நிபுண் பாரத்’ அடிப்படை எண்ணறிவை இலக்காகக் கொண்டது. தேவையான இலக்குதான்: 2024ஆம் ஆண்டு ‘அசர்’ அறிக்கையின்படி கிராமப்புற ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் பத்துக்குச் சுமார் மூவரே எளிய வகுத்தல் செய்கிறார்கள். ஆனால் ஒன்றிய அரசின் கணக்குப்படியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். 33 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே படிக்கிறார்கள். ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருப்பவர் மீது குற்றத்தைச் சுமத்துவதற்கு அந்த அறிக்கை பயன்படுத்தப்படுகிறது. பணியிடங்களை நிரப்பாதவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

இத்துடன் சங்பரிவாரின் ‘வேதக் கணிதம்’. 1965இல் அச்சான ஒரு நூலின் விரைவுக் கணக்கு உத்திகளே இவை. வேதங்களில் இவை இல்லை. 1992 வாக்கில் உத்தரப்பிரதேச பாஜக அரசு இதைப் பாடப்புத்தகத்தில் நுழைத்தபோது கணித அறிஞர் எஸ்.ஜி. தானி ஆதாரங்களோடு மறுத்தார். இந்திய நிலத்தில் பிறந்த மெய்யான கணிதம் வேறு. ஆரியபட்டரும் பிரம்மகுப்தரும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் ‘யுக்திபாஷா’வை சமஸ்கிருதத்தில் எழுதாமல் மலையாள உரைநடையில் எழுதினார், முடிவுகளை மட்டும் சொல்லாமல் நிறுவல்களையும் தந்தார். ஏன் என்று கேட்கும் அந்த மரபை விட்டுவிட்டு, கேள்வியின்றி விடை தரும் உத்திகளைத் தேசப்பெருமை என்று விற்பது அவர்களது அரசியலுக்குப் பொருத்தமானதே.

தொழிற்சங்கத்தின் வாசலில்

‘இருபடிச் சமன்பாடு தெரிந்து கூலித் தொழிலாளி என்ன செய்யப் போகிறார்?’ என்று கேட்பவர்கள் கட்சிக்குள்ளும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டு போதும். 2020இல் தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் அடியாண்டு 2001இலிருந்து 2016க்கு மாற்றப்பட்டது. உணவுப் பிரிவின் எடை சுமார் 46 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகக் குறைந்தது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் காரணி 2.88 என அறிவிக்கப்பட்டது. அரிசியும் எண்ணெயும் விலையேறும்போது இந்த ஏழு சதவீதம் பஞ்சப்படியை எவ்வளவு குறைக்கும்? இதைக் கேட்க எடையிட்ட சராசரி புரிய வேண்டும். வாசலில் கொடி பிடிப்பவர்களில் எத்தனை பேருக்கு அதைப் பள்ளி கற்பித்தது? வேலை உறுதித் திட்டப் பணித்தளத்தில் வெட்டிய மண்ணைக் கன மீட்டரில் அளந்து கூலியைக் குறைத்தபோது, நாடாவைப் பிடித்துத் திருப்பி அளக்கத் தெரிந்த பெண்கள் இருந்த இடங்களில் வாதம் வேறாக இருந்தது. இன்று உணவு விநியோகத் தொழிலாளியின் ஊதியத்தை ஒரு செயலியின் சூத்திரம் தீர்மானிக்கிறது. அது அவருக்குக் காட்டப்படுவதில்லை.

ஆகவே கிளைகள் முதலில் செய்யக்கூடியது ஒரு கணக்கெடுப்பு. தங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளில் கணித ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, எத்தனை ஆண்டாகக் காலி. சிபிஎஸ்இ பள்ளிகளில் ‘பேசிக்’ எழுதும் மாணவர்கள் யார், அவர்களில் பெண்கள், தலித் குழந்தைகள் எத்தனை பேர், அந்த முடிவை எடுத்தது மாணவரா பள்ளியா என்று வீடுவீடாகக் கேட்டு எழுத வேண்டும். மாணவர், ஆசிரியர் அமைப்புகளோடு சேர்ந்து இதைச் செய்வது நல்லது. பத்தாம் வகுப்பு வரை ஒரே கணிதம், முழுநேர ஆசிரியர், அரசின் பொறுப்பில் ஆசிரியர் பயிற்சி ஆகிய கோரிக்கைகளை அந்தப் பட்டியலோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் முன் வைக்க வேண்டும். மாலை நேரப் பாட மையங்கள் நடத்தும் தோழர்கள், வீட்டு மின்கட்டண ரசீதையும் ரேஷன் அட்டையையும் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லலாம். கட்டண அடுக்குகள் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதிலிருந்தே அன்றைய பாடத்தைத் தொடங்கிவிடலாம்.